பூட்டிய கடைக்கு வாடகை

கடைவாடகை குத்தகை வகையைச் சேர்ந்தது, வாரம் அல்ல. வாரத்துக்கு விட்ட வயலில் இருபது மூட்டை கண்டால் இருபதில் பங்கு, நாலு மூட்டை கண்டால் நாலில் பங்கு. மழை பொய்த்தால் நிலக்காரர் வீட்டுக் குதிரும் உழுதவர் வீட்டுக் குதிரும் சேர்ந்தே காலியாகும். குத்தகையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விளைந்தாலும் சாவியானாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். நல்ல ஆண்டின் மிச்சம் முழுவதும் குத்தகைக்காரருக்கு, கெட்ட ஆண்டின் நட்டமும் அவருக்கே. மாதம் இவ்வளவு என்று பேசி எடுக்கும் கடையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. தீபாவளிக்கு இரட்டிப்பு வியாபாரம் நடந்தது என்று எந்தக் கடைக்காரரும் அந்த மாதம் கூடுதல் வாடகை கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. அப்படியிருக்க, நெருக்கடி வந்த மாதங்களுக்கு மட்டும் குத்தகையை வாரமாக மாற்றிக்கொள்ளலாமா? வாடகைக் குறைப்புத் தகராறுகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இந்தக் கேள்வி ஒரே நாளில் எல்லாக் கடைத்தெருக்களிலும் எழுந்தது. தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் போன்ற சிறிய ஊரில் அதன் உருவம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ஃபெராரின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், தன் பெயரிலேயே அமைந்த வட்டத்தின் தலைமையிடம். அந்தமான் டிரங்க் ரோடு இதன் வழியாகத்தான் ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்குப் போகிறது. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்கப் போகும் வண்டிகள், ஜாரவா காப்புக்காட்டைக் கடக்க அங்கே கான்வாய்க்குக் காத்து நிற்க வேண்டும். இப்படிப்பட்ட சாலையில் டீக்கடைக்கும் டிபன் கடைக்கும் வரும்படி என்பது போகும் வண்டிகளின் எண்ணிக்கை. சுற்றுலா நின்றதும் அது நின்றது. அதே சாலையில் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் திறக்கலாம். செல்போன் கடையும் தையல் கடையும் முடிதிருத்தும் கடையும் திறக்கக் கூடாது. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த இரண்டு அறைகள், இரண்டுக்கும் ஒரே வாடகை. ஒன்றுக்கு நெருக்கடி, இன்னொன்றுக்கு வழக்கமான வியாபாரம். ‘எல்லோருக்கும் பாதி’ என்ற பொது ஏற்பாடு நியாயமாக இராது என்பது இந்த இடத்திலேயே புலப்படும்.

அரசின் பக்கத்திலிருந்து கடைக்காரருக்குக் கிடைத்தது மிகக் குறைவு. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் இட்ட ஆணை, புலம்பெயர்ந்தோர் உட்பட வாடகை வீட்டில் வசிக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது. கடைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்திருந்தது. அந்தச் சலுகை பிறகு ஆகஸ்ட் 31 வரை நீண்டது. கடன் வாங்கிக் கட்டடம் கட்டியவருக்கு அவகாசம் உண்டு, அந்தக் கட்டடத்தில் கடை வைத்தவருக்கு இல்லை என்ற குமுறல் அப்போது எழுந்தது. குமுறலில் நியாயம் இருந்தாலும் அது பாதிக் கதைதான். தள்ளிவைத்த தவணைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. சாலையோரம் இரண்டு மூன்று அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டு, அதையே ஓய்வூதியம்போல நம்பியிருக்கும் சிற்றூர்க் கட்டட உரிமையாளருக்குத் தள்ளிவைக்கக் கடன்கூட இருக்காது. நின்றுபோன வரும்படிக்கு எந்த வங்கியும் அவகாசம் தருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் போனவர்கள் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் போய் நின்றார்கள். அதன் வேர் இன்னும் பழையது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட்டின் படை ஒரு குத்தகை நிலத்தைப் பிடித்துக்கொண்டு குத்தகைக்காரரை விரட்டிவிட்டது. அந்த ஆண்டுகளுக்கும் வாடகை கொடுத்தே தீர வேண்டும் என்று 1647இல் பாரடைன் – ஜேன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ஆதாயம் உன்னுடையது என்றால் ஆபத்தும் உன்னுடையதே என்பது அதன் வாதம். நம் ஊர்க் குத்தகைக்காரருக்கு இதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை. இந்தியச் சட்டம் அந்தக் கடுமையைக் கொஞ்சம் தளர்த்தியது. தீ, புயல், வெள்ளம், படை அல்லது கும்பலின் வன்முறை, தடுக்க முடியாத வேறு சக்தி ஆகியவற்றால் சொத்தின் முக்கியமான பகுதி முற்றிலும் அழிந்தாலோ, எடுத்த காரியத்துக்குப் பெருமளவிலும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனாலோ, குத்தகையைச் செல்லாததாக்கிக்கொள்ளும் உரிமை குத்தகைதாரருக்கு உண்டு என்கிறது 108ஆம் பிரிவு.

இதில் இரண்டு முடிச்சுகள் உள்ளன. ஒன்று, ‘நிரந்தரமாக’ என்ற சொல். அந்தமான்காரர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல் விளைந்த தாழ்நிலங்களுக்குள் கடல் ஏறியது. சுனாமி அலை திரும்பிய பிறகும் ஓதநீர் திரும்பவில்லை. சட்டம் கேட்கும் நிரந்தரம் அத்தகையது. ஊரடங்கில் பூட்டிய கடையின் சுவரும் கூரையும் அப்படியே இருந்தன. சாவியும் கடைக்காரர் கையில்தான் இருந்தது. இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. பிரிவின்படி எல்லாம் பொருந்தி வந்தாலும் கிடைப்பது விடுதலைதானே ஒழியக் குறைப்பு இல்லை. கடையை விட்டுப் போகலாம். உள்ளே இருந்துகொண்டே பாதி வாடகை கொடுக்க அந்தப் பிரிவு வழி சொல்லவில்லை. தகராறுக்கு வருபவர்களோ பெரும்பாலும் போக விரும்பாதவர்கள். பத்து ஆண்டு உட்கார்ந்து பிடித்த வாடிக்கையை விட்டுவிட்டு எங்கே போவது?

ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அடுத்த நம்பிக்கையாக இருந்தது. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்பது அது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1968இலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பிரிவினையில் பாகிஸ்தானுக்குள் போய்விட்ட நிலத்துக்குக் கொடுத்த குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கேட்ட ராஜா துருவ் தேவ் சந்த் வழக்கு அது. குத்தகை என்பது இனிமேல் செய்யப்போகும் காரியத்துக்கான வாக்குறுதி மட்டுமல்ல, கைமாறி முடிந்துவிட்ட உரிமை. அதற்கு 56ஆம் பிரிவு பொருந்தாது என்பது தீர்ப்பு. ஊரை விட்டே ஓடிவர நேர்ந்தவருக்குக் கிடைக்காதது, ஷட்டரை இறக்கியவருக்குக் கிடைக்குமா?

2020 மே 21 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங் அளித்த தீர்ப்பு இதைத்தான் திரும்பச் சொன்னது. கான் மார்க்கெட்டில் உள்ள ஒரு கடை. 1975இல் மாத வாடகை 300 ரூபாய். வெளியேற்ற ஆணைக்கு எதிரான சீராய்வு மனு முடியும்வரை மாதம் மூன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்பது நீதிமன்றம் வைத்திருந்த நிபந்தனை. ஊரடங்குக் காலத்துக்கு அதை நிறுத்திவைக்கக் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. கட்டுவதற்குச் சில வாரங்கள் அவகாசம் மட்டும் கிடைத்தது. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வாடகை என்பது விற்பனையிலோ லாபத்திலோ பங்காக எழுதப்பட்டிருந்தால், அந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு கேட்க இடமிருக்கலாம் என்கிறது அது. பெரிய வணிக வளாகங்களில் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் உண்டு. அதாவது வாரம் இன்னும் சாகவில்லை. குளிரூட்டிய கட்டடங்களுக்குக் குடிபோய்விட்டது.

கட்டட உரிமையாளரின் குறையால் இடம் சுருங்கினால் கதை வேறு. மூன்று படுக்கையறை பேசி இரண்டை மட்டும் ஒப்படைத்த ஸ்டீபன் கோர்ட் வழக்கில், கொடுத்த இடத்துக்கு ஏற்ற விகிதத்தில் வாடகை என்ற தீர்ப்பை 1966இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. குறைப்பு என்பது நம் சட்டத்துக்கு அந்நியமானதல்ல. யாருடைய தவறும் இல்லாத நெருக்கடிக்கு மட்டும் அதில் இடமில்லை.

இதற்கு நடுவில் நாகர்கோவிலிலிருந்து ஒரு வழக்கு வந்தது. உள்ளாட்சிக் கடைகளுக்கு 2020 ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாத வாடகையைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்திருந்தது. பேருந்து நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிக் கடை நடத்தியவரோ செப்டம்பர் முதல் வாரம்வரை திறக்க முடியவில்லை. 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முழு ஊரடங்கு நீடித்த காலம் முழுவதற்கும் தள்ளுபடி பொருந்தும் என்றார். மூடச் சொன்னதும் அரசு, வாடகை கேட்டதும் அரசின் உள்ளாட்சி. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருந்ததால் இந்தத் தீர்ப்பு சாத்தியமாயிற்று. தனியாரிடம் கடை எடுத்தவருக்கு இதை அப்படியே நீட்ட முடியாது.

அந்தமானில் இந்த வேறுபாடு விசித்திரமான வடிவம் எடுக்கிறது. 1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைப்படி தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்கே உரியது. மற்றவர்கள் அதன்கீழ் அனுபவ உரிமையோ உரிமமோ பெற்றவர்கள். பெரார்கஞ்சில் கடையை வாடகைக்கு விடுபவரும் ஒரு வகையில் அரசின் குடியானவர்தான். ஆனாலும் அவருக்கும் கடைக்காரருக்கும் இடையில் உள்ளது தனியார் ஒப்பந்தமே. வழக்கென்று வந்தால் அது போர்ட் பிளேர் நீதிமன்றத்துக்கும், மேலே போனால் அங்கேயே கூடும் கல்கத்தா உயர் நீதிமன்ற அமர்வுக்கும் போக வேண்டும். சில மாத வாடகைக்காக அவ்வளவு தூரம் போவது இரு தரப்புக்கும் கட்டாது.

வேறு நாடுகளில் சட்டமே குத்தகைக்குள் புகுந்து வாரக் கணக்கை எழுதியது. ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் கொண்டுவந்த நடத்தை விதிகள், விற்பனை எவ்வளவு விழுந்ததோ அந்த விகிதத்தில் வாடகைச் சலுகை தர வேண்டும், அதில் பாதியாவது முழுத் தள்ளுபடியாக இருக்க வேண்டும் என்றன. சிங்கப்பூர் அதே ஆண்டு ஜூனில் சட்டம் திருத்தியது. தகுதியுள்ள சிறு கடைகளுக்கு நான்கு மாத வாடகை கழிந்தது. இரண்டு மாதத்தை அரசு ஏற்றது, இரண்டு மாதத்தைக் கட்டட உரிமையாளர் தலையில் வைத்தது. சுமையில் மூன்றாம் பங்காளியாக அரசையும் சேர்த்த இந்த ஏற்பாடே அந்தக் காலத்தில் வந்தவற்றில் நேர்மையானது எனலாம். இந்தியாவில் அந்த மூன்றாம் பங்காளி வரவில்லை.

எனவே நடந்ததெல்லாம் பேச்சுவார்த்தை. தமிழில் ‘தள்ளிவைப்பு’, ‘தள்ளுபடி’ என்ற இரண்டு சொற்களுக்கும் தூரம் குறைவு. தகராறுகளில் பெரும் பகுதி அந்தச் சிறிய தூரத்தில்தான் பிறக்கிறது. “கஷ்டம் புரியுதுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஏப்ரலில் சொன்னவர், கடை திறந்த பிறகு ஐந்து மாத பாக்கியைக் கேட்கிறார். கேட்டவர் காதில் அது தள்ளுபடியாக விழுந்திருந்தது. சொன்னவர் நினைத்தது தள்ளிவைப்பை. ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இரண்டுக்கும் இடம் தருகிறது: வரவேண்டியதை முழுவதுமோ ஒரு பகுதியையோ விட்டுக்கொடுக்கலாம், காலத்தை நீட்டலாம், பதிலுக்கு எதுவும் பெற்றிருக்கத் தேவையில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. அங்கே 1940இல், போரால் குடியிருப்பு காலியாகக் கிடந்தபோது, 2,500 பவுண்டு ஆண்டு வாடகையைப் பாதியாக்கிக்கொண்ட ஹை ட்ரீஸ் வழக்கில், அந்தச் சலுகையைக் காப்பாற்ற நீதிபதி டென்னிங் 1946இல் புதிய கோட்பாட்டுக்கே உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்துக்குப் பாதி, குடியிருப்பு நிரம்பிய பிறகு முழுசு என்று முடித்தார். சலுகை எப்போது தொடங்கியது என்பதைவிட எப்போது முடிந்தது என்பதே அங்கும் சிக்கல்.

நம் ஊர்ச் சிக்கல் சாட்சியில். பதிவுசெய்த பத்திரத்தின் நிபந்தனையைப் பின்னால் வாய்ச்சொல்லால் மாற்றிக்கொண்டோம் என்று நிரூபிக்க 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இடம் தரவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால்தான் பதினோரு மாத ஒப்பந்தங்கள் இத்தனை பெருகின. சிற்றூர்க் கடைகளில் பல அதுகூட இல்லாமல் நடக்கின்றன. எந்த மாதத்துக்கு எவ்வளவு குறைப்பு, மீதி தள்ளுபடியா பாக்கியா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அது கட்டட உரிமையாளருக்கும் நல்லது. வராத வாடகையை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டுமானால், குடியிருப்பவரைக் காலி செய்யவைத்திருக்க வேண்டும் அல்லது அதற்கான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், வழக்கும் தொடுத்திருக்க வேண்டும் அல்லது வழக்கால் பயனில்லை என்று காட்ட வேண்டும் என்றது வருமான வரி விதிகளின் 4ஆம் விதி. சண்டை போட்டவருக்கே வரிச் சலுகை. சமாதானமாகப் போக விரும்புபவர் வாடகையையே எழுத்தில் குறைத்துக்கொள்வதுதான் வழி.

எழுத்து இல்லாத இடத்தில் அட்வான்ஸ் பேசியது. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பழகிப்போன வழக்கம். “அட்வான்ஸில் கழிச்சுக்குங்க” என்பது கடைக்காரரின் கடைசி வாக்கியம்; வாடகை வருகிறது, ஆனால் பணம் வருவதில்லை. கட்டட உரிமையாளர் அதை எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அட்வான்ஸ் கரைந்த பிறகு கடைக்காரரைப் பிடித்துவைக்க எதுவும் மிஞ்சாது. அந்தப் பணத்தையும் பெரும்பாலும் கட்டடத்திலேயே போட்டிருப்பார். கடைசியில் பேரத்தைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: இவர் போனால் அடுத்தவர் வருவாரா? பெருநகரின் நல்ல முனைக்கடைக்கு வருவார் என்பதால் அங்கே குறைப்பு கடினமாயிற்று. சுற்றுலா நின்ற சாலையோரத்தில் வரமாட்டார். வாடகைதாரரின் பலம் அங்கே அவர் வறுமையிலேயே இருந்தது.

2023 அக்டோபரில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென வாடகை ஒழுங்குமுறைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்தகைய ஏற்பாடுகளுக்கு முன்மாதிரி, 2021 ஜூனில் வந்த மாதிரி வாடகைச் சட்டம். எழுத்து ஒப்பந்தம், வாடகை அதிகாரி, தனி நீதிமன்றம், குடியிருப்பு அல்லாத இடங்களுக்கு ஆறு மாதத்துக்கு மேற்படாத முன்பணம் ஆகியவை அதில் உண்டு. இயற்கைப் பேரிடரால் இடம் குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் சரிசெய்யும்வரை வாடகை கேட்கக் கூடாது என்ற விதியும் உண்டு. பேரிடராக அது அடுக்குவது போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இயற்கையால் வரும் பிற இடர்கள். கூரை பறந்த கடைக்கு அது உதவும். கூரை நன்றாக இருந்து, கான்வாய் வராமல் போன டீக்கடைக்கு 2020இல் இருந்த நிலையே இன்னும் இருக்கிறது.