கிராமங்களில் சமையல் காஸைப் பத்திரப்படுத்தலும் உபயோகித்தலும்

விறகும் வறட்டியும் எரிந்த அடுப்படிகளில் இக்காலத்தில் பெரும்பாலும் காஸ் அடுப்பே எரிகின்றது. 1955-ஆம் ஆண்டு வாக்கில் பம்பாய் நகரத்து வீடுகளுக்கு வழங்கப்பெறத் தொடங்கிய இவ்வெரிபொருள் நெடுங்காலம் பட்டணவாசிகளுக்கே உரியதாயிருந்தது. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2007-ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக அடுப்பு வழங்கியதாலும், இந்திய அரசாங்கத்தார் 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியதாலும், இது சிற்றூர்களிலும் பரவியது. இதனால் பெண்மக்களுக்குப் புகையின் தொல்லை நீங்கிற்று. சாணமும் எருக்குழிக்கு மிஞ்சிற்று. இவ்விரண்டும் பெரிய நன்மைகளே.

ஆயினும், குடியானவர் வீடு பட்டணத்து வீட்டைப் போன்றதன்று. வீட்டை ஒட்டி வைக்கோற்போர் இருக்கும். உள்ளே நெற்பத்தாயமும் டீசல் டின்களும் பூச்சிமருந்தும் இருக்கும். கொல்லையிலே கிணறும், மோட்டார் வைத்த குழியும், கீற்றுக் கொட்டகையும் இருக்கும். இவற்றினிடையே காஸ் சிலிண்டரை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, கசிந்தால் என்ன செய்வது என்பவற்றைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

வாயுவின் இயல்பு

காஸ் என்று வழங்கப்படுவது, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலப்பு. இது அமுக்கத்தினால் திரவமாக்கப்பட்டுச் சிலிண்டரில் அடைக்கப்படுகின்றது. திரவம் வெளிப்பட்டால் உடனே கொதித்து ஆவியாகி, ஏறக்குறைய இருநூற்றைம்பது மடங்காகப் பெருகும். இதற்கு இயற்கையில் நிறமுமில்லை, மணமுமில்லை. கசிவைக் கண்டுகொள்வதற்காகவே மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றது.

எல்லாவற்றினும் முக்கியமாக நினைவில் வைக்கவேண்டியது யாதெனில், இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. புகையைப் போல மேலெழுந்து கூரை வழியே போய்விடாது. மடை திறந்த தண்ணீரைப் போலத் தரையோடு படர்ந்து, வாசற்படியைத் தாண்டிச் சாக்கடையிலும் பள்ளத்திலும் குழியிலும் இறங்கித் தேங்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது, வேற்றுமை இவ்வளவே. வயலில் தண்ணீர் எவ்வழியே ஓடும் என்று அறிந்த குடியானவருக்கு, இவ்வாயு எவ்வழியே ஓடும் என்று அறிவது கடினமன்று. கீழே கூறப்படும் விதிகளிற் பெரும்பாலானவை இவ்வொரு குணத்தினின்றும் பிறந்தவையே.

காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை இவ்வாயு கலந்திருந்தால், ஒரு சிறு பொறியும் அதனை வெடிக்கச் செய்யும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்தடியாக உள்ள ஓர் அறையின் கொள்ளளவு ஆயிரம் கன அடி. அதில் இருபது கன அடி வாயு கலந்தாலே அறை முழுவதும் வெடிக்கும் நிலைமை அடைந்துவிடும். இருபது கன அடி வாயுவின் எடை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. இது 14.2 கிலோ அடங்கிய வீட்டுச் சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. தரைமட்டத்திலே தேங்கும்போது இதனினும் குறைந்த அளவே போதும்.

கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி இரவு காஸ் ஏற்றிச்சென்ற டாங்கர் லாரி கவிழ்ந்தது. வெளிப்பட்ட வாயு சாலையோரத்து வீடுகளின் பக்கம் பரவித் தீப்பற்றியதில் 20 பேர் மாண்டனர். லாரியருகே சென்றவர்களுக்கு மட்டுமன்றி, தத்தம் வீட்டிலிருந்தவர்களுக்கும் இவ்வாயு அபாயம் விளைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

வைக்குமிடம்

சிலிண்டரை எப்பொழுதும் நிமிர்த்தியே வைக்கவேண்டும். சாய்த்தோ படுக்கவைத்தோ உபயோகித்தால், ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாயில் பாய்ந்து பெருந்தீயை உண்டாக்கும். காஸ் தீரும் சமயத்தில் சிலிண்டரைச் சாய்த்துக் குலுக்குவதும், வெந்நீரில் நிறுத்துவதும் பல வீடுகளில் காணப்படும் வழக்கங்கள். இவை அறவே விலக்கத்தக்கவை.

தரைமட்டத்திற்குக் கீழான எவ்விடத்திலும் சிலிண்டரை வைத்தலாகாது. கிணற்றோரத்து மோட்டார் குழி இதற்கு மிகவும் தகாத இடம். கசிந்த வாயு அக்குழியில் நிறைந்திருக்க, விடியற்காலையில் ஒருவர் வந்து ஸ்டார்ட்டரை அழுத்தினால், அதனுள் எழும் பொறியே வெடிக்குப் போதுமானது. பத்தாய அறை, ஜன்னலில்லாத உக்கிராண அறை, மாடிப்படியின் கீழறை ஆகியவையும் தகா. பூச்சிமருந்து வைத்த அறையில் அம்மருந்தின் வீச்சம் காஸின் நாற்றத்தை மறைத்துவிடும்.

சமையலறையில் சிலிண்டர் தரையிலும், அடுப்பு அதைவிட உயரமான மேடையிலும் இருக்கவேண்டும். மேடையின் கீழே கதவிட்ட அலமாரியில் வைப்பதாயின், கதவின் அடிப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் காற்றுத்துவாரங்கள் வேண்டும். அறைக்கு மேலே ஜன்னல் இருப்பது மட்டும் போதாது. கனமான வாயு வெளியேறத் தரையை ஒட்டியும் வழி இருக்கவேண்டும். விறகடுப்பும் காஸ் அடுப்பும் ஒரே அறையில் எரிவது கூடாது. வைக்கோற்போர், கீற்றுக் கொட்டகை, டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றிலிருந்து சிலிண்டரை விலக்கி வைக்கவேண்டும். வெயில் படும் முற்றத்திலும் வைத்தலாகாது.

காலிச் சிலிண்டரில் ஒன்றுமில்லை என்று கருதுவது பிழை. அதில் மிச்ச வாயு எப்பொழுதும் உண்டு. ஆகையால் அதற்கும் பாதுகாப்பு மூடியை இட்டு, நிறைந்த சிலிண்டரைப் போலவே பேணவேண்டும்.

வாங்கும்போதும் இணைக்கும்போதும்

சிலிண்டரைக் கொண்டுவந்து கொடுப்பவர் எதிரிலேயே எடையையும் கசிவையும் சோதிக்கும்படி கேட்பது வாங்குவோரின் உரிமை. வெற்றுச் சிலிண்டரின் எடை அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கும், அதனோடு 14.2 கிலோ சேர்ந்தது மொத்த எடை. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். இவை அடுத்த சோதனைக்குரிய தவணையைக் காட்டுகின்றன. ‘ஏ’ என்பது மார்ச்சு முடியவும், ‘பி’ ஜூன் முடியவும், ‘சி’ செப்டம்பர் முடியவும், ‘டி’ டிசம்பர் முடியவும் குறிக்கும். ‘சி 29’ என்றிருந்தால், 2029 செப்டம்பருக்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்லவேண்டும் என்பது பொருள். தவணை கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பியனுப்புக.

ரெகுலேட்டரை மாட்டுமுன் வால்வினுள் இருக்கும் ரப்பர் வளையம் சரியாயிருக்கின்றதா என்று பார்த்து, மாட்டியபின் இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவவேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பது பிராணாபாயம் விளைக்கும் செய்கை. குழாய், கம்பி வலையிட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரைக் குழாயாகவும், ஒன்றரை மீட்டருக்கு மேற்படாததாகவும் இருத்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கொருமுறை அதனை மாற்றவேண்டும். எலி கடித்திருந்தாலோ வெடிப்புக் கண்டிருந்தாலோ உடனே மாற்றவேண்டும். தானியம் வைத்த வீட்டில் எலி இல்லாதிருப்பது அரிது. ஆதலின் வாரம் ஒருமுறை குழாயை முழுவதும் தடவிப் பார்த்தல் நலம். இரவில் படுக்கப்போகுமுன் அடுப்பின் திருகை மட்டுமன்றி ரெகுலேட்டரையும் அடைக்கவேண்டும்.

சட்டம் கூறுவன

மானியத்துடனோ மானியமின்றியோ பெற்ற வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே உரியது. அதனை உணவுக்கடையில் வைப்பதும், அதைக்கொண்டு நீரிறைக்கும் இஞ்சினையோ வண்டியையோ ஓட்டுவதும், ஒரு சிலிண்டரிலிருந்து மற்றொன்றுக்கு வாயுவை மாற்றுவதும் சட்டவிரோதம். வாயுவை மாற்றும்போது கசியும் ஆவிக்கு எல்லையில்லை. இதனால் நேர்ந்த விபத்துக்களும் பல.

எரிவாயு உருளைகள் விதிகள், 2016-இன்படி, சிலிண்டர்களில் ஒரே சமயத்தில் மொத்தம் 100 கிலோவுக்கு மேற்பட்ட காஸை லைசென்சின்றி வைத்திருத்தலாகாது. 14.2 கிலோ சிலிண்டர் ஏழானால் 99.4 கிலோ, வியாபார உபயோகத்திற்கான 19 கிலோ சிலிண்டர் ஐந்தானால் 95 கிலோ. இதற்கு மேல் ஒரு சிலிண்டர் கூடினாலும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் லைசென்சு வேண்டும். ஆயினும் நூறு கிலோ என்பது சட்டத்தின் எல்லையே தவிர, வீட்டிற்குத் தேவையான அளவன்று. எரிவது ஒன்று, மாற்றுக்கு ஒன்று ஆக இரண்டே குடும்பத்திற்குப் போதும்.

கல்யாணமும் யாத்திரையும்

கிராமங்களில் அதிக எண்ணிக்கையான சிலிண்டர்கள் ஒன்றுசேர்வது கல்யாண வீட்டிலும் கோயில் விசேஷத்திலுமே. ராஜஸ்தானத்து ஜோத்பூர் ஜில்லாவில் புங்ரா என்னும் கிராமத்தில், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி, ஒரு கல்யாண வீட்டில் சிலிண்டர் கசிந்து தீப்பற்றி வெடித்தது. கூடியிருந்த உறவினரில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் பந்தல்களிலும் இவ்விதம் நேராதிருக்க, பின்வருவனவற்றை அனுசரிக்கவேண்டும்.

(1) சமையற்கொட்டகை, ஜனங்கள் கூடும் பந்தலுக்கு அப்பால், திறந்த வெளியில், தகரக் கூரையுடன் இருக்கவேண்டும்.

(2) எரியாத சிலிண்டர்களை அடுப்பருகே அடுக்காமல், தனியிடத்தில் நிழலில் நிமிர்த்தி வைத்து, ஒருவரைக் காவல் வைக்கவேண்டும்.

(3) அடுப்பெரியும்போது அதனருகில் சிலிண்டர் மாற்றுதல் கூடாது.

(4) தண்ணீர்த்தொட்டியும், மணல் வாளிகளும், நனைத்த சாக்குகளும் ஆயத்தமாயிருக்கவேண்டும்.

(5) ஜெனரேட்டரையும் மின்சார இணைப்புகளையும் சிலிண்டர் வைத்த இடத்திலிருந்து விலக்கி அமைக்கவேண்டும்.

யாத்திரை செல்வோர் பஸ்ஸிலும் ரெயிலிலும் சிலிண்டரை ஒளித்துக் கொண்டுசெல்வதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி அதிகாலையில், மதுரை ரெயில் நிலையத்தருகே நின்றிருந்த யாத்திரிகர் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் மாண்டனர். வண்டியில் சமைத்துக்கொள்வதால் மிஞ்சும் சிறு செலவுக்காகப் பலருடைய உயிரைப் பணயம் வைத்தலாகாது.

கசிவு நேர்ந்தால்

நாற்றம் தெரிந்தவுடன் எரியும் நெருப்பு, விளக்கு, ஊதுவத்தி அனைத்தையும் அணைக்கவேண்டும். மின்சார ஸ்விட்சுகளைத் தொடலாகாது. போடுவதிலும் பொறி உண்டு, அணைப்பதிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை அடைத்துக் கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியை அழுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றவேண்டும். மூடியிட்டும் கசிவு நில்லாவிடில், சிலிண்டரைக் கிணறு, சாக்கடை, மாட்டுக் கொட்டில் ஆகியவற்றிற்கு அப்பால் திறந்த வெளியில் நிறுத்தி, யாரும் நெருங்காதபடி காக்கவேண்டும். வீட்டிற்கு வெளியே வந்தபின்னரே தொலைபேசியை எடுத்து, காஸ் கசிவுக்குரிய 1906 என்னும் எண்ணுக்கு அறிவிக்கவேண்டும். தீப்பற்றினால் தீயணைப்புப் படைக்கு 101.

ரெகுலேட்டரருகே சிறு சுவாலை எரிந்தால், நனைத்த சாக்கினால் மூடி உடனே ரெகுலேட்டரை அடைக்கவேண்டும். சுவாலையை மட்டும் அணைத்து வாயுவை அடைக்காமல் விட்டால், அது தேங்கிப் பின்னர் பேரபாயமாக முடியும். சிலிண்டரின் உடலையே தீ சூழ்ந்துகொண்டால், இரும்பு இளகி வெடிக்கும் என்பதறிந்து, பொருளை எண்ணாமல் அனைவரும் வெகுதூரம் விலகவேண்டும். தீப்புண்ணின்மேல் மையோ, நெய்யோ, சாணமோ பூசாமல், இருபது நிமிஷம் தண்ணீர் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் இவ்விஷயத்தில் செய்யத்தக்க உதவி பெரிது. கல்யாணம், திருவிழா நடப்பதற்கு முன்பே சமையற்கொட்டகையைப் பார்வையிட்டு மேற்கூறியவற்றை எடுத்துரைக்கலாம். காஸ் ஏஜென்சியாரை ஊருக்கு அழைத்து, வீடுதோறும் குழாயையும் ரெகுலேட்டரையும் சோதிக்கச் செய்யலாம். சிலிண்டர்களைப் பதுக்குவோரையும், வாயுவை மாற்றி விற்போரையும் பற்றி வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதலாம். விபத்து நேர்ந்தால் போலீசாருக்கும் ஏஜென்சியாருக்கும் தாமதமின்றி எழுத்து மூலம் அறிவிக்கும்படி குடும்பத்தாருக்குச் சொல்லவேண்டும். ஏனெனில், பதிவுபெற்ற வாடிக்கைக்காரருக்காக எண்ணெய்க் கம்பெனிகள் இன்ஷியூரன்சு செய்து வைத்துள்ளன. இதற்கு வாடிக்கைக்காரர் தனியே பணம் கட்டவேண்டுவதில்லை. ஆனால் வீட்டுச் சேதத்திற்கான ஈடு, இணைப்புப் பதிவாகியுள்ள வீட்டிற்கே உரியது. சிலிண்டரைக் களத்துக் கொட்டகைக்கோ மோட்டார் அறைக்கோ மாற்றி வைத்தவர் அவ்வீட்டையும் இழக்க நேரிடும்.

இவ்விதிகளை அனுசரிக்கப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு குழாயின் விலையும், தரையை ஒட்டி ஒரு துவாரமும், இரவில் ரெகுலேட்டரை அடைக்கும் வழக்கமுமே வேண்டுவன. மழைக்காலத்திற்கு முன் வரப்பையும் மடையையும் பார்த்து வைக்கும் குடியானவர், தம் சமையலறையையும் அவ்வாறே பார்த்து வைப்பாராயின், வீடும் விளைபொருளும் மனை மக்களும் க்ஷேமமாயிருப்பர்.