கூலிக் கொலையாளியின் முகம்: சேலத்துக்கு வந்த ஓ.எஸ்.எஸ். 117

ஒற்றன் எந்த நாட்டின் ஆள் என்பதுதான் உளவுப் படங்களின் மையம் என்று தோன்றும். அவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான் என்பதே மையம் என்பது என் வாசிப்பு. இதைப் பேசப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. சேலம் – ஏற்காடு சாலை போதும்.

1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் ஆலையைப் போல நடந்தது. எழுதுகிறவரும் நடிக்கிறவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்த இடம் அது. 1963இல் அவர் மறைந்தபின், மகன் ராமசுந்தரம் ஆர்.சுந்தரம் என்ற பெயரில் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) படங்களை இயக்கினார். இரண்டுக்கும் மூலம் ஓ.எஸ்.எஸ். 117 வரிசைப் படங்கள்: முதலாவதற்கு பாங்காக்கில் நடக்கும் 1964ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படம், அடுத்ததற்கு ஜான் கேவின் நடித்து 1968இல் வந்த பிரெஞ்சு – இத்தாலியப் படம்.

ஓ.எஸ்.எஸ். 117, ழான் புரூஸ் 1949இல் படைத்த பாத்திரம். ஜேம்ஸ்பாண்டுக்கு நான்கு வருடம் மூத்தவன். எழுதியவர் பிரெஞ்சுக்காரர், ஒற்றனோ அமெரிக்காவின் ஆள். ஓ.எஸ்.எஸ். என்பதே இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க உளவு நிறுவனத்தின் பெயர்தான். 1954இல் இந்தோசீனாவை இழந்த பிரான்ஸ், பத்தே வருடத்தில் தன் திரை நாயகனை இன்னொரு வல்லரசின் ஊழியனாக ஆசியாவுக்கு அனுப்புகிறது. காலனிய ஏக்கம் இரவல் சட்டையை மாட்டிக்கொள்கிறது.

1968 படம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பணத்துக்கு அரசியல் கொலைகள் செய்துகொடுக்கும் ஒரு கும்பல். தேடப்படும் குற்றவாளி ஒருவனின் முகத்தை அறுவை சிகிச்சையால் வாங்கிக்கொண்டு நாயகன் அதற்குள் நுழைகிறான். இங்கேதான் பிரதி தன்னையறியாமல் வாய்விட்டுவிடுகிறது. அதே துப்பாக்கி, அதே லாவகம், இப்போது முகமும் அதே. மிச்சமிருக்கும் வித்தியாசம் சம்பளம் கொடுப்பவர் மட்டுமே. நியாயமான வன்முறைக்கு அரசு ஏகபோக உரிமை கொண்டாடுகிறது என்று மாக்ஸ் வெபர் 1919இல் சொன்னதை இப்படம் ஒரு முகமாற்றத்தில் காட்டிவிடுகிறது. பிறகு பதறிப்போய், 'அவன் நம்மாள்தான்' என்று நம்மைச் சமாதானப்படுத்துகிறது.

சேலத்தில் இந்த ஒற்றன் சி.ஐ.டி. ஆனான். இது வெறும் பெயர்மாற்றம் இல்லை. தமிழ்ப் பேச்சில் சி.ஐ.டி. வெளிநாட்டு எதிரியைப் பிடிக்கப் போகிறவன் அல்ல; நம்மைக் கவனிக்க வந்தவன். எங்க ராசிபுரம் பக்கம் டீக்கடையில் புது ஆள் வந்து நின்னா, "பேச்சக் கொறடா, சி.ஐ.டி.யா இருக்கப் போறான்" என்பார்கள். அதே ஜனம்தான் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று கொண்டாடியது. உடன் நடித்த சகுந்தலாவுக்கு சி.ஐ.டி. என்பதையே முன்பெயராக ஒட்டிவிட்டது. கைதட்டலும் எச்சரிக்கையும் ஒரே சொல்லில் குடியிருந்தன. ஆகவே பார்வையாளரை ஏமாளி என்று ஒதுக்கும் நமது பழைய முற்போக்கு விமர்சனம் இங்கே உதவாது.

கேட்க வேண்டியது பிரதியின் மௌனத்தைப் பற்றி. இவ்வகைப் படங்களில் கொலை செய்வது எப்போதும் தனியார் கும்பல். அரசின் ஆள் காப்பாற்றத்தான் வருவான். ஆனால் இதே சேலத்தில், 1950 பிப்ரவரி 11 அன்று, மத்திய சிறைக்குள் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் கும்பலின் கூலிகள் அல்ல, அரசுச் சம்பளக்காரர்கள். அந்த வருடமே மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' வெளியானது. ஊர் ஒன்று, காலம் ஒன்று. ஆனாலும் பிந்தைய துப்பறியும் படங்களின் கதையாடலுக்குள் அந்தச் சிறைக்கு இடமே இல்லை. அரசுச் சம்பளத்தில் நடக்கும் கொலையைக் கொலை என்று சொல்ல அவற்றிடம் மொழி கிடையாது.

இன்று ஸ்டூடியோவில் எஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டும். ஒற்றர் படங்கள் ஓயவில்லை. 'தேசத்துக்காக' என்ற ஒரு சொல்லில் எத்தனை பிணங்களையும் அவை கடந்துபோகின்றன. அவற்றைக் குப்பை என்று தள்ளாமல் உட்கார்ந்து பார்ப்போம். நாயகன் சுடும்போதெல்லாம் கேட்போம்: இவனுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? யார் பெயரால்?