இணையத்தில் பௌதிகவியல்: எதை முதலில் திறப்பது?

தோட்டப்புற மாணவர் ஒருவர் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க விரும்பினால், ஆசிரியரைத் தேடுவதிலேயே பாதித் தூரம் போய்விடுகிறது. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் எமது மலைநாட்டில் சிலவே. ஹட்டனில் தனியார் வகுப்புக்குப் போவதென்றால் பஸ் கட்டணம், வகுப்புக் கட்டணம் இரண்டும் நாட்சம்பளத்திலிருந்து வரவேண்டும். எனவே கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைப்பவற்றை அறிந்திருப்பது அவசியம்.

முதலில் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளம். பாடத்திட்டம், வள நூல்கள், ஆசிரியர் வழிகாட்டி ஆகியன அங்கே தமிழில் உள்ளன. வழிகாட்டி ஆசிரியருக்குரியது என்று மாணவர் விட்டுவிடுகின்றனர். எந்த அலகை எவ்வளவு ஆழமாகப் படிக்கவேண்டும் என்பதை அதுவே சொல்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் மூன்று மொழிகளில் பாடங்கள் உண்டு. இவற்றுடன் கடந்தகால வினாத்தாள்களும் வேண்டும். முதலாம் பத்திரத்தின் 50 வினாக்களை 2 மணித்தியாலத்தில் முடிக்கும் பழக்கம் காணொளி பார்த்து வருவதல்ல.

இவற்றை முன்னே வைப்பதற்குக் காரணம் உண்டு. யூடியூப்பில் தமிழில் தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்களே, "இயற்பியல்" என்ற பெயரில் வருகின்றன. விளக்கம் நன்றாகவே இருக்கிறது. அவர்களின் 11ஆம், 12ஆம் வகுப்பு நூல்களும் இலவசமே. ஆனால் கலைச்சொற்கள் வேறு. எமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம். சக்தி அங்கே ஆற்றல். வலு அங்கே திறன். இவை புதிய சொற்களாதலால் மாணவர் நின்று யோசிப்பார். தெரிந்த சொல்லே ஏமாற்றும். மடுவத்தில் 10 கிலோ கொழுந்து நிறுக்கப்படுகிறது என்போம். எமது பாடத்தில் அதன் திணிவு 10 கிலோகிராம், நிறை ஏறத்தாழ 98 நியூற்றன். தமிழ்நாட்டு நூலிலோ நிறைதான் 10 கிலோகிராம்; 98 நியூற்றன் என்பது எடை. "வேகம்" எமக்குத் திசையுள்ள காவிக் கணியம். அவர்களுக்கு அது நாம் கதி என்பது. எமது வேகத்தை அவர்கள் திசைவேகம் என்பர். "அழுத்தம்" எமக்கு மின்னியலில் வருவது. அவர்களுக்கு அது எமது அமுக்கம். இச்சொற்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் இரு நிரல்களில் எழுதி வைத்துக்கொண்டு காணொளி பார்க்கலாம்.

ஆங்கிலம் ஓரளவு வாசிப்போருக்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸ் நூல்கள் உண்டு. பெயின்மனின் புகழ்பெற்ற விரிவுரைகளையும் இலவசமாக வாசிக்கலாம். பரீட்சைக்கு அவை அதிகம் உதவா, ஆர்வமுள்ளோருக்கு விருந்து.

ஆய்வுகூடமில்லாத பாடசாலைகளுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் செயலிகளே பெரிய உதவி. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. திரையிலேயே மின்சுற்று அமைக்கலாம், வில்லையை நகர்த்திப் பார்க்கலாம். சில தமிழிலும் உள்ளன. ஒருமுறை பதிவிறக்கினால் பின்னர் இணையம் தேவையில்லை. லயத்தில் சிக்னல் கிடைக்காத மாணவருக்காக, பாடசாலைக் கணினியிலோ நகரத்திலோ ஒருவர் பதிவிறக்கி, பென் டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்.