பர்பனா, தேன் விஸ்கியா? அந்த இனிப்பு எங்கிருந்து வருது தெரியுமா?

கந்தர்வக்கோட்டை பக்கம் உங்க சொந்தத்திலும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ ஒருத்தர் இருப்பார். லீவில் வரும்போது டூட்டி ஃப்ரீயில் ஒருவர் 2 லிட்டர் வரை மது கொண்டு வரலாம். ஸ்காட்ச் மட்டுமே வந்த அந்தப் பையில் இப்போ பர்பனும், 'ஹனி', 'ஆப்பிள்' என்று எழுதிய பாட்டில்களும் சேர்ந்துவிட்டன. "குடிச்சுப் பாரு மாப்ள, தேன் மாதிரி இறங்கும்" என்ற டயலாக்கும் கூடவே வரும். ஏன் அப்படி இறங்குகிறது?

பர்பன்: மரம் தரும் வாசனை

அமெரிக்கச் சட்டப்படி பர்பன் அமெரிக்காவில்தான் தயாராக வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். நம்ம பெரம்பலூர் பக்கம் விளையுதே, அதே சோளம்தான். வடித்த சாராயத்தை, உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வைப்பார்கள். பாட்டிலில் அடைக்கும்போது தண்ணீர் தவிர கலரோ ஃப்ளேவரோ சேர்க்கக் கூடாது.

அப்போ அந்த வெனிலா வாசனை? மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் ஆகிறது. ஐஸ்க்ரீமில் மணப்பதும் இதே வெனிலின்தான். மரத்தின் சர்க்கரைகள் கருகி கேரமல் மணத்தைத் தருகின்றன.

ஃப்ளேவர்டு விஸ்கி: சேர்த்த இனிப்பு

இங்கே கதையே வேற. ஜாக் டேனியல்ஸ் டென்னஸி ஹனி, விஸ்கியோடு தேன் லிக்கர் கலந்தது. ஆல்கஹால் 35 சதவிகிதம். பட்டை வாசனை அடிக்கும் ஃபயர்பாலில் 33. இனிப்பு தொண்டை எரிச்சலை மறைத்துவிடும். எரிச்சல்தான் 'மெதுவா குடி' என்று சொல்லும் பிரேக். அது இல்லையென்றால் கிளாஸ் சீக்கிரம் காலியாகும்.

நம்ம ஊர் விஸ்கி?

கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் குருங்குளம் சர்க்கரை ஆலையைப் பார்த்திருப்பீங்க. கரும்பில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். இந்தியாவில் சாதாரண விலை விஸ்கி பலவற்றுக்கும் அடிப்படை, மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுக்கும் வாசனையற்ற சாராயம். அதோடு கொஞ்சம் மால்ட், கேரமல் கலர், ஃப்ளேவர் சேரும். மொலாசஸ் சாராயத்தை ஐரோப்பிய யூனியனில் 'விஸ்கி' என்று விற்கவே முடியாது. அங்கே தானியம் கட்டாயம். அம்ருத், பால் ஜான் போன்ற இந்திய சிங்கிள் மால்ட்கள் பார்லியில் செய்தவை.

பர்பனுக்கு 2025 பிப்ரவரியில் இறக்குமதி வரி 150-லிருந்து 100 சதவிகிதமாகக் குறைந்தது. அதனால் இந்தப் பெயரை இனி கூடுதலாகவே கேட்பீங்க.

கிராமில் கணக்கு பாருங்க

* 650 மி.லி. பீர் (5%): சுமார் 26 கிராம் ஆல்கஹால்
* ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. விஸ்கி (42.8%): சுமார் 20 கிராம்
* ஒரு லார்ஜ் ஹனி (35%): சுமார் 17 கிராம்

'ஹனி லைட்டுதான்' என்று மூணு லார்ஜ் போனால் 50 கிராம். கிட்டத்தட்ட ரெண்டு பீர். நம் உடல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ராத்திரி 11 மணிக்கு முடித்தால், விடியற்காலை 5 மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். எலுமிச்சை ஜூஸ், மோர், குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

அந்த நேரத்தில் பைக் எடுத்தால்? 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அபராதத்தைக் கட்டிவிடலாம், தஞ்சாவூர் ரோட்டில் எதிரே லாரி வந்தால் என்ன செய்வீங்க?

அப்போ எதுதான் பெஸ்ட்?

மர வாசனை பிடித்தவருக்குப் பர்பன், இனிப்பு பிடித்தவருக்கு ஹனி. அது அவரவர் நாக்கு. 'ரா'வாகக் குடிப்பதில் கெத்து ஒன்றுமில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டால்தான் பர்பனின் மணமே நன்றாகத் தெரியும். எதுவானாலும் முதலில் லேபிளைத் திருப்பி ஆல்கஹால் சதவிகிதம், சேர்த்த கலர், ஃப்ளேவர் மூன்றையும் படிங்க.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் என்றால் இந்தக் கேள்வியே உங்களுக்கில்லை. குடிக்காதவர் இதற்காக ஆரம்பிக்கவும் வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மாமா பாட்டிலை நீட்டும்போது "எனக்கு வேணாம் மாமா" என்பதும் உங்க சாய்ஸ்தான்!