பசித்தாலும் சாப்பிட முடியாத பிள்ளைகள்

"பசிச்சா தானா திங்கும், விடு." சின்னமனூரோ கூடலூரோ, கம்பம் பள்ளத்தாக்கில் பாட்டிமார் வழக்கமாகச் சொல்வது இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் பலிக்காது. பட்டினி கிடந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். அடம் என்று நினைத்து அடிப்பதும் வாயில் திணிப்பதும் கோளாறை முற்றவைக்கும்.

நாக்கில் நடக்கும் போராட்டம்

இப்படிப்பட்ட பிள்ளை வெள்ளைச் சோறும் ஒரே வகை பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடும். சோற்றில் துளி சாம்பார் பட்டால் தட்டையே தள்ளிவிடும். சட்னியில் கடுகு தட்டுப்பட்டால் குமட்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆதரவு. ஆனால் கிச்சடியில் அடுத்த வாயில் கேரட் வருமா பீன்ஸ் வருமா என்பது தெரியாததே இந்தப் பிள்ளைக்குப் பயம்.

இப்படி உணவை ஒதுக்குவதைத் தனிக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வகைப்படுத்தியது. ஆர்ஃபிட் என்பார்கள். உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணமே இதில் கிடையாது. சிலருக்குப் பசி என்ற உணர்வே சரியாகத் தெரிவதில்லை.

ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு உள்ளவர்களின் சிக்கல் வேறு. பகலெல்லாம் சாப்பிட மறந்துவிட்டு, இரவில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுபவர்கள் உண்டு. அதற்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட் மாத்திரையும் மதியப் பசியை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் ஊர் நோய்தான்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கோளாறு கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி. வளரிளம் பெண்களுக்கு, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் அனோரெக்சியாவும் வருகிறது. அவர்களில் சிலருக்கு ஆட்டிசம் இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரியவரும். அல்சர் என்று மருந்து, கண்ணு பட்டிருச்சு என்று மந்திரிப்பு எனப் பல மாதங்கள் போய்விடுகின்றன. கோயிலுக்குப் போங்கள், அதே வாரம் மருத்துவரிடமும் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளை நம்பிச் சாப்பிடும் உணவைப் பறிக்காதீர்கள். தோசை மாவில் கீரையை அரைத்துக் கலக்கும் தந்திரமும் வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் மிச்சமிருந்த தோசையும் போய்விடும். புதுப் பண்டத்தைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்று பார்த்தால் போதும், அடுத்த வாரம் தொட்டால் போதும். பசி தெரியாதவர்களுக்கு நேரம் குறித்து அலாரம் வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் மிக்ஸியும் டிவியும் ஓடக்கூடாது. கல்யாணப் பந்திக்கு டிபன் பாக்ஸில் பிள்ளையின் வழக்கமான சாப்பாட்டையே கொண்டுபோங்கள். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். "எலும்பும் தோலுமா ஆயிட்டியே", "குண்டாயிட்டியே" என்று உடம்பைப் பற்றிப் பேசுவதை வீடு முழுக்க நிறுத்த வேண்டும்.

லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனை சார்ந்த பிரிவு, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக வார்டின் இரைச்சலைக் குறைத்து, காரசாரமில்லாத தனிப் பட்டியலில் உணவு கொடுக்கிறது. பிள்ளையை மாற்றுவதற்கு முன் சூழலை மாற்றுகிறார்கள். அதற்குப் பெரிய செலவு வேண்டாம், கம்பத்திலும் முடியும்.

எப்போது ஓட வேண்டும்

மயக்கம், வேகமாக எடை குறைதல், மாதவிடாய் நின்றுபோதல், தண்ணீரும் இறங்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல நாள் சாப்பிடாதவருக்கு வீட்டில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைப் பாதிக்கும். மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டையும் கேளுங்கள். 14416 என்ற அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல் ஆலோசனை கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளை எதைச் சாப்பிடும், எதைத் தொடாது என்ற பட்டியலையும், சாப்பிடும் நேரத்தில் செல்போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். "சாப்பிடவே மாட்டேங்குது" என்று சொல்வதைவிட மருத்துவருக்கு அது அதிகம் உதவும்.