சர்வர் போன பிறகும் ஓடும் கணினிகள்

அலுவலகத்தின் மைய சர்வர் படுத்துவிட்டால் எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நின்றால் எங்களுக்கு வேலை சுலபம். நடப்பது வேறு. ஒன்று நிற்கும், பக்கத்தில் இருப்பது ஓடும். இன்று மாலை வரை ஓடியது நாளைக் காலையில் முரண்டு பிடிக்கும்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எங்கள் விண்டோஸ் கணினிகள் எல்லாம் 'டொமைன் கன்ட்ரோலர்' என்ற சர்வருக்குக் கட்டுப்பட்டவை. யார் உள்ளே நுழையலாம், எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், பாஸ்வேர்டு சரியா என்பதையெல்லாம் அதுதான் சொல்லும். ஒருநாள் இரவு அதன் பவர் சப்ளை எரிந்துபோனது. முதல் போன், வேறு வார்டிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டரிடமிருந்து: "தம்பி, இங்க எல்லாருக்கும் ஓப்பன் ஆகுது. எனக்கு மட்டும் ஏன் ஆகல?"

காரணம் இதுதான். ஒரு கணினியில் ஏற்கெனவே லாகின் செய்தவர்களை அது நினைவில் வைத்திருக்கும். பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்காது. சரிபார்க்கப் போதுமான ஒரு தடயத்தை மட்டும் வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் கடைசியாக வந்த 10 பேருக்கு இந்தச் சலுகை உண்டு. அந்த சிஸ்டர் அந்தக் கணினியைத் தொட்டதே இல்லை. அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள சர்வரும் இல்லை.

உள்ளே நுழைந்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை. லாகின் ஆனதும் சர்வர் ஒரு டிக்கெட் கொடுக்கும். அதை வைத்துத்தான் பொது ஃபோல்டர்களுக்கு அனுமதி கிடைக்கும். அதன் ஆயுள் பொதுவாக 10 மணி நேரம். சர்வர் பகலில் போனால், அதற்கு முன்பே காலை எட்டு மணிக்கு டிக்கெட் வாங்கியவர், ஏற்கெனவே திறந்து வேலை செய்யும் ஃபோல்டரில் மாலை ஆறு வரை பிரச்சினையே தெரியாமல் இருப்பார். மறுநாள் கணினி திறக்கும், ஃபோல்டர் திறக்காது.

இதற்கு நடுவே "நெட் போச்சு சார்" என்று ஒரு கூட்டம் வரும். லைன் நன்றாகத்தான் இருக்கும். இணைய முகவரிகளை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையையும் பெரும்பாலும் அதே சர்வர்தான் பார்க்கிறது. அது இல்லாவிட்டால் வழி தெரியாமல் பிரவுசர் நிற்கும்.

என்னை உறுத்துவது வேறொன்று. சர்வர் படுத்துக் கிடக்கும் நேரத்தில் ஒருவரை வேலையைவிட்டு எடுத்து அவர் கணக்கை முடக்க வேண்டியிருந்தால்? முடக்கும் உத்தரவு போக வழியில்லை. அவர் லேப்டாப் பழைய நினைவை நம்பி அவரை உள்ளே விடும். நோயாளிகளின் விவரம் உள்ள இடத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

"இரண்டாவது சர்வர் வைத்தால் தீர்ந்ததே" என்பார்கள். பவர் சப்ளை எரிவது போன்ற கோளாறுக்கு அது போதும். 2017 ஜூன் 27 அன்று மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நடந்தது அதற்கும் மேலே. உக்ரைனில் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது. உலகம் முழுக்கச் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்று, ஒன்றின் தகவலை மற்றது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. தனியே பேக்கப் இல்லை. எல்லாம் ஒரே வீச்சில் அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்சாரம் போய், அது நெட்வொர்க்கில் இல்லாமல் இருந்தது. அதிலிருந்த தகவலை இணையம் வழியே பிரிட்டனுக்கு அனுப்ப வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் நைஜீரியா வரை ஹார்டு டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொருவர் அங்கிருந்து லண்டனுக்கு எடுத்துச் சென்றதாக 'வயர்ட்' இதழ் 2018இல் எழுதியது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 10 நாளில் புதிதாக நிறுவியதாக அந்த நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார்.

எங்கள் மருத்துவமனையில் இப்போது இரண்டு கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. அதோடு, அவற்றிலிருந்து எடுத்த பேக்கப் ஒன்று எந்த கேபிளிலும் சேராமல் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அவ்வப்போது அதைத் தனியான ஒரு கணினியில் ஏற்றி, லாகின் ஆகிறதா என்று பார்ப்போம். ஆடிட்டர் கேட்பதற்கு முன்பே அந்தப் பரிசோதனையின் தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுகிறேன்.