பள்ளிக்கு வெளியே ஒரு பள்ளி: தில்லி பொது நூலகம் கற்றுத் தந்த பாடம்

புது தில்லி: பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே, சியாமா பிரசாத் முகர்ஜி சாலையில் அமைந்துள்ளது தில்லி பொது நூலகம். பயணிகளும் சுமை தூக்குவோரும் கடைக்காரர்களும் ஓயாமல் நடமாடும் பகுதி அது. பட்டதாரிகளுக்கு மட்டுமின்றி, அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெரியவர்களுக்காகவும் உருவாக்கப்பட்ட நூலகம் இது.

யுனெஸ்கோவும் இந்திய அரசும் இணைந்து முன்மாதிரித் திட்டமாக அமைத்த இந்நூலகத்தை, 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். அதே ஆண்டு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் எழுத்தறிவு பெற்றிருந்தவர்கள் சுமார் 18 சதவீதம் மட்டுமே. பெரும்பாலானோருக்குப் படிக்கவே தெரியாத நாட்டில் பொது நூலகத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு, இத்திட்டம் செயலில் விடை தேடியது.

நாடகமும் விவாதமும்

கட்டணமின்றி நூல்கள் இரவல் தரப்பட்டன. வாசகர்களே அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் பார்க்கலாம். இவற்றுடன் சமூகக் கல்விக்கெனத் தனிப் பிரிவும் செயல்பட்டது. விவாதக் குழு, நாடகக் குழு, திரைப்படக் காட்சி ஆகியவற்றின் வழியே மக்கள் நூலகத்துக்கு அழைத்து வரப்பட்டனர். புதிதாக எழுத்தறிவு பெற்றவர்களுக்கு எளிய நூல்கள் வைக்கப்பட்டன. 1953-இல் நடமாடும் நூலக வாகனம் புறநகர்ப் பகுதிகளுக்குப் புறப்பட்டது.

இங்கிலாந்தின் லூட்டன் நகர நூலகர் பிராங்க் கார்டனர் இத்திட்டம் குறித்து எழுதிய மதிப்பீட்டு அறிக்கையை 1957-இல் யுனெஸ்கோ வெளியிட்டது. தில்லியைத் தொடர்ந்து கொலம்பியாவின் மெடலின், நைஜீரியாவின் எனுகு ஆகிய நகரங்களிலும் இத்தகைய முன்மாதிரி நூலகங்கள் அமைக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

கேரளத்தின் வழி

தில்லியில் அரசு முன்னின்று செய்ததைக் கேரளத்தில் ஊர் மக்களே செய்தனர். பி.என். பணிக்கரின் முயற்சியால் 1945-இல் 47 கிராம நூலகங்கள் ஒரு சங்கமாக இணைந்தன. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. இரவு வகுப்பு, பத்திரிகை வாசிப்பு, முதியோர் கல்வி எனப் பல பணிகள் அந்நூலகங்களில் நடைபெற்றன. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக 1991-இல் அறிவிக்கப்பட்டதில் இந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19, வாசிப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இடம் தேடும் இளைஞர்கள்

தலைநகரில் இன்று நூலகத்தை நாடுவோரில் பெரும் பகுதியினர் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து, சிறு அறையைப் பலருடன் பகிர்ந்து வாழும் அவர்களுக்குப் புத்தகத்தைவிட முதல் தேவை, அமைதியான ஓர் இருக்கை. பொது நூலகங்களில் இடம் போதாததால், முகர்ஜி நகர், பழைய ராஜேந்திர நகர் பகுதிகளில் மாதக் கட்டணம் வசூலிக்கும் தனியார் படிப்பகங்கள் பெருகின. அவற்றில் பல, கட்டடங்களின் அடித்தளத்தில் இயங்கி வந்தன.

இதன் விலை 2024 ஜூலை 27-ஆம் தேதி தெரிந்தது. பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்த படிப்பகத்துக்குள் மழை வெள்ளம் புகுந்ததில், குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வந்த 3 பேர் உயிரிழந்தனர். பொருள்களைச் சேமித்து வைக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்த அடித்தளம் அது. விதிமீறிய அடித்தளங்களுக்கு மாநகராட்சி 'சீல்' வைத்தபோது, அவற்றில் படித்து வந்தவர்கள் வேறு இடமின்றித் தவித்தனர். உயிரிழந்தவர்களின் நினைவாகப் பொது நூலகங்கள் அமைக்கப்படும் என அப்போதைய மேயர் ஷெல்லி ஓபராய் அறிவித்தார்.

சட்டமும் நிதியும்

அரசமைப்புச் சட்டத்தின்படி நூலகம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே, மாநிலத்துக்கு மாநிலம் அதன் நிலை வேறுபடுகிறது. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியுடன் நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது. ஆண்டுதோறும் மானியத்தை எதிர்பார்க்காமல் கிளை நூலகங்களை நடத்த இத்தகைய நிரந்தர வருவாய் உதவுகிறது. நூலகச் சட்டம் உள்ள எல்லா மாநிலங்களிலும் இந்த வரி இல்லை.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தொழிலாளிக்கும், பிள்ளைகளை வளர்த்தபின் படிக்க விரும்பும் இல்லத்தரசிக்கும், தேர்வு எழுதும் இளைஞருக்கும் சேர்க்கைக் கட்டணமோ வயது வரம்போ இல்லாத கல்விக்கூடம் பொது நூலகம். குடியிருப்புக்கு அருகில், வேலை முடிந்து வரும் நேரத்தில் அது திறந்திருந்தால்தான் இவர்களுக்குப் பயன்படும். இதனை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிய நகரம், மீண்டும் அதைச் செய்ய வேண்டிய நிலையில் உள்ளது.